கைதட்டினால் ஏகமனது

போன மாதம் சுமதி போன் செய்தாள். நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளியில் இப்போது அவள்தான் உடற்கல்வி ஆசிரியை. என்னிடம் விளையாடியவள் இல்லை. நான் ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து வந்தவள். ஆனாலும் சங்கத்து விவகாரம் எதுவென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவாள்.

"டீச்சர், வாலிபால் சங்கத்துல இனிமே ஆடறவங்க சார்பா ஒரு பிரதிநிதி கட்டாயம் இருக்கணும்னு மேலேருந்து சொல்லிட்டாங்க. பொண்ணுங்க சார்பா யாரைப் போடலாம்?"

"யாரைப் போடலாம்னு யாரு கேக்கறது?"

"கமிட்டிதான் டீச்சர். என் பேரையே போட்டுடலாமான்னு செயலாளர் கேக்கறாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அந்தப் பக்கம் சுமதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது போனிலேயே தெரிந்தது. "உன்னைப் பாத்துச் சிரிக்கலடி, என்னை நெனச்சு சிரிச்சேன். நாலு பக்கம் எழுதித் தரேன், படிச்சுட்டு முடிவு பண்ணு" என்று சொல்லி வைத்தேன். இது அவளுக்காக எழுதியது. மற்றவர்களும் படிக்கலாம்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கடலைக் கொல்லையும் கொஞ்சம் நெல்லும். பள்ளியில் ஓடினேன், குதித்தேன், வாலிபால் ஆடினேன். மெட்ராசில் உடற்கல்விப் பயிற்சியில் சேர்ந்து, விடுதிச் சாம்பாரைத் திட்டிக்கொண்டே படித்து முடித்தேன். எழுபதுகளின் நடுவில் திருவண்ணாமலையில் டிரில் டீச்சராக வேலை கிடைத்தது. கணக்கு டீச்சருக்கு இருந்த மரியாதையில் பாதிகூட எனக்கு இல்லை. "விசில் ஊதறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று என் சித்தப்பாவே கேட்டார். ஊதிப் பாருங்கள் தெரியும் என்று விசிலை அவர் கையில் கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வாலிபால் நடுவர் வேலையை எனக்குப் பழக்கியவர் தணிகாசலம் சார். ஆண்கள் பள்ளி ஒன்றில் உடற்கல்வி இயக்குநர். எங்கள் வட்டார வாலிபால் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். ஆக, மைதானத்தில் எனக்கு மேலதிகாரி அவர். ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். என்ன சொல்கிறார் என்று குனிந்து கேட்க வேண்டியிருக்கும். அதுவே பெரிய தண்டனையாக இருக்கும்.

ஆட்டம் தொடங்குமுன் வலையை அளப்பதை அவர் யாரிடமும் விட்டதில்லை. அதற்கென்று ஒரு மரக்குச்சி வைத்திருந்தார். ஆண்களுக்கு ஒரு சிவப்புக் கோடு, அதற்குக் கீழே பெண்களுக்கு ஒரு நீலக் கோடு. முதலில் வலையின் நடுவில் குச்சியை நிறுத்திப் பார்ப்பார். பிறகு இரண்டு ஓரக் கோடுகளுக்கு மேலே. இரண்டு ஓரமும் ஒரே உயரம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் விரற்கடை ஏறியிருந்தாலும் கம்பத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்வார். "சார், டைம் ஆவுது" என்று அணிக்காரர்கள் முனகினால், "ஆவட்டும்" என்பார். உண்மையில் எங்கள் மைதானத்தில் கடிகாரமே தேவையில்லை. பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்க இறங்க, நிழல் ஊரின் மேல் கிழக்கு நோக்கிப் படர்ந்து வரும். அது மைதானத்தின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் சார் விசிலை வாயில் வைப்பார். அதற்குமுன் ஆடினால் உள்ளங்கால் வெந்துவிடும்.

நடுவர் மேடையில் ஏறிவிட்டால் அவருக்கு மனிதர்கள் தெரிய மாட்டார்கள். ஒருமுறை அவருடைய சொந்தத் தம்பி அடித்த பந்து கோட்டை ஒட்டி விழுந்தது. மொத்தக் கூட்டமும் உள்ளே என்று கத்தியது. சார் வெளியே என்று கையைக் காட்டினார். தம்பி ஒரு வாரம் அண்ணன் வீட்டுப் பக்கமே வரவில்லையாம். "ஆளைப் பாக்காதம்மா, கோட்டைப் பாரு" என்பதுதான் அவர் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது. ஆனால் இதே மனிதர் சங்கக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்தால் வேறு ஆளாகிவிடுவார். அது எனக்கு வருஷக்கணக்கில் பிடிபடவே இல்லை.

சங்கத் தலைவர் கடலை எண்ணெய் மில் வைத்திருந்தவர். மில் ஐயா என்போம். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. பந்து, வலை, கம்பம், நடுவர்களுக்கு டீ, எல்லாம் அவர் தயவில் நடந்தன. சின்ன வயதில் அவரும் ஆடியவர்தான். "நம்ம பசங்க", "நம்ம பொண்ணுங்க" என்றுதான் பேசுவார். எல்லாவற்றையும் நம்ம என்று சொல்கிறவரிடம் போய், இது எங்களுடையது என்று ஒன்றைக் கேட்பது லேசான காரியம் இல்லை.

சங்க விதிப்படி நிர்வாகக் கமிட்டியில் பெண்கள் அணிகளுக்கென்று ஒரு பிரதிநிதி இருக்க வேண்டும். கோடைப் போட்டி முடிந்த மறுநாள், மில்லை ஒட்டிய கூடத்தில் ஆண்டுப் பொதுக்குழு நடக்கும். அதில்தான் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுக்கும் விதத்தைக் கேளுங்கள். மில் ஐயா மைக் முன்னால் நின்று ஒரு பேரைச் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் மில் கணக்கர் பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு நிற்பார். தோளில் போர்த்துவார். கூடம் கைதட்டும். தணிகாசலம் சார் ஏகமனதாக என்று எழுதிக்கொள்வார். மறுப்புச் சொல்ல நினைப்பவர், பொன்னாடை விழுந்ததற்கும் கைதட்டல் கிளம்புவதற்கும் நடுவில் எழுந்து நின்று, ஒருவர் தோளில் ஏறிய மரியாதையை இறக்க வேண்டும். நம் ஊரில் அதை யார் செய்வார்கள்?

அந்தக் கைதட்டல் யாருடையது என்பதும் வேடிக்கைதான். ஆண்கள் அணிகளிலிருந்து வந்தவர்கள் வாயில் வெற்றிலையோடு பின்வரிசையில் சாய்ந்துகொண்டு, ஒப்புக்கு இரண்டு தட்டுத் தட்டுவார்கள். எங்கள் பெண்களைத்தான் முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். இறைவணக்கம் பாட, வாசலில் பன்னீர் தெளிக்க, கல்கண்டு நீட்ட, பிறகு கைதட்ட. கூடம் அதிர்ந்தது அவர்களால்தான். தட்டப் பழக்கியது நான். டிரில் டீச்சர் ஆயிற்றே, ஒரு கை முந்தாது, ஒரு கை பிந்தாது.

அப்படித்தான் சரோஜா அம்மா பெண்கள் பிரதிநிதி ஆனார். மில் ஐயாவின் மனைவிக்குத் தங்கை. சாதுவான மனுஷி. இறுதி ஆட்டத்துக்கு வந்து, முதல் செட் முடியும்போது பரிசு எப்போது கொடுக்க வேண்டும் என்று கேட்பார்.

அந்த வருஷம் எங்கள் அணி நன்றாகத் தேறியிருந்தது. பள்ளி மாணவிகளும், படிப்பை முடித்த பழைய மாணவிகளும் சேர்ந்த அணி. அதில் கமலா என்று ஒரு பெண். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து ஆடுவாள். அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவளை எங்கள் பக்கம் பூஸ்டர் என்போம். கமலா தூக்கினால் பந்து அடிப்பவளின் கைக்காக மேலே காத்திருப்பது போல இருக்கும். அவளுக்கு என்னைப் போல உடற்கல்விப் பயிற்சியில் சேர வேண்டும். அதற்கு மண்டலப் போட்டியில் ஆடிய சான்றிதழ் வேண்டும். அந்தப் போட்டிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உழைத்தாள்.

போட்டிக்குப் புறப்படும் சமயத்தில் சார் மைதானத்துக்கு வந்து, வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னார். "இந்த வருஷம் பெண்கள் டீம் போகலம்மா. வெளியூருக்குப் பொண்ணுங்களை அனுப்பறது பாதுகாப்பில்லைன்னு கமிட்டில பேசி முடிவு பண்ணிட்டாங்க. பெண்கள் பிரதிநிதியும் ஒத்துக்கிட்டாங்க."

நேரே சரோஜா அம்மா வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் காபி கொண்டுவந்து வைத்தார்.

"அவ்ளோ தூரம் பொண்ணுங்களை அனுப்பலாமான்னு மாமா கேட்டாரு. நீங்க சொன்னா சரிங்க மாமான்னேன். தப்பாயிடுச்சா டீச்சர்?"

அந்த முகத்தைப் பார்த்து என்ன சண்டை போடுவது? காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

கமலாவின் அப்பா சந்தைக்கு வந்தவர் பள்ளிக்கும் வந்தார். கடலைக் கொல்லையில் வேலை செய்து காய்ப்பேறிய கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "டீச்சர், ஒரு வருஷம் பொறுத்துக்கறேன். பொண்ணு அழுவுதுன்னுதான். அடுத்த வருஷமும் இப்படியே ஆச்சுன்னா தை மாசம் கல்யாணம் வெச்சுடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது" என்றார். அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அவர் கொடுத்ததே ஒரு வருஷம்தான். அதையும் கமிட்டி இன்னொரு தடவை நல்லெண்ணத்தோடு தின்றுவிட்டால் கமலாவின் படிப்பு அத்தோடு போயிற்று.

அடுத்த பொதுக்குழு நெருங்கியபோது, ஒரு மாலை ஆட்டம் முடிந்து சாரும் நானும் வலையை மடித்துக்கொண்டிருந்தோம். எனக்கு அன்று மனசு ஆறவே இல்லை.

"சார், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"கிரவுண்டுல கோட்டைப் பாக்கறீங்க. கூட்டத்துல மட்டும் ஏன் சார் ஆளைப் பாக்கறீங்க?"

அவர் மடிப்பை நிறுத்தவில்லை. வலையின் முனையை என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து கேட்கும்படியான குரலில் சொன்னார். "கூட்டத்துல கோடு எங்கம்மா இருக்குது? அவரு பேரைச் சொல்றாரு. எல்லாரும் கைதட்டறாங்க. தட்டினதைத் தட்டலைன்னு நான் எழுத முடியுமா?"

"தட்டாம இருந்தா?"

"இருந்தா பாத்துக்கலாம். இதுவரைக்கும் யாரும் இருந்ததில்லையே."

கோபத்தோடு மறுநாள் பெண்களிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அன்று வசந்தாவும் அங்கே இருந்தாள். தேரடி வீதியில் சின்னத் தையல் கடை வைத்திருந்தவள். ஊர்ப் பெண்கள் அணி ஒன்றில் பத்து வருஷமாக ஆடுகிறவள். கல்யாணமான பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் விடாமல் வருவாள். எங்கள் அணிக்கு ஆட்டப் பாவாடை தைக்க அளவெடுத்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதற்குப் பாவாடை, உள்ளே இரண்டு காலும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும். வீட்டுப் பெரியவர்களுக்கும் ஆட்டத்துக்கும் சமாதானம் பண்ணி அவள் கண்டுபிடித்த தையல் அது.

"அப்ப நாம கைதட்டலைன்னா, ஒத்துக்கலைன்னு ஆயிடுமா டீச்சர்?" என்றாள் கமலா.

"ஆகணும். ஆனா யாரு தட்டாம இருக்கப் போறீங்க?"

"மொதல்ல கையைத் தூக்கிட்டு நில்லுடி. தட்டறதா வேணாமான்னு அப்புறம் பேசலாம்" என்று வசந்தா டேப்பால் அவள் இடுப்பில் ஒன்று போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். பேச்சு அத்தோடு போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சரோஜா அம்மா இல்லையென்றால் அந்த இடத்துக்கு நான்தான் பொருத்தம் என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது. பெண்களைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆசைதான், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

பொதுக்குழு நாள் வந்தது. பன்னீர், கல்கண்டு, இறைவணக்கம் எல்லாம் வழக்கம் போல. ஆண்டறிக்கைக்குப் பெண்கள் கைதட்டினார்கள். ஆண்கள் அணிகளின் பிரதிநிதிகளுக்கும் தட்டினார்கள். பிறகு மில் ஐயா மைக்கைச் சரிசெய்துகொண்டு, "பெண்கள் பிரதிநிதியா நம்ம சரோஜா இந்த வருஷமும் தொடர்ந்து இருப்பாங்க" என்றார். கணக்கர் பொன்னாடையைப் போர்த்தினார்.

கூடத்தில் சத்தம் இல்லை. பின்வரிசையில் யாரோ இரண்டு பேர் தட்டத் தொடங்கி, துணைக்கு ஆள் இல்லாததால் கையை மடக்கிக்கொண்டார்கள். முன்வரிசை முழுவதும் பெண்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்கள். முறைப்பு இல்லை, சிரிப்பு இல்லை. காற்றாடி சுற்றுகிற சத்தம் அந்தக் கூடத்தில் அவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

முதலில் பேசியவர் சரோஜா அம்மாதான். "நான்தான் போன வருஷமே சொன்னேனே மாமா, எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுன்னு" என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையை எடுத்து, அழகாக மடித்து, கணக்கர் கையில் கொடுத்தார். இறங்கி வந்து உட்கார்ந்தபோது அவர் முகம் தெளிவாக இருந்தது. பாவம், அவரையும்தான் யாரும் கேட்டதில்லை.

மில் ஐயாவின் முகம் சிவந்தது. ஆனால் சமாளிக்கத் தெரிந்தவர். சட்டென்று சிரித்தார். "அதுக்கென்ன, நம்ம டீச்சர் இருக்காங்களே! பொண்ணுங்களுக்கு இவங்களைவிட யாரு வேணும்? வாங்க டீச்சர் மேடைக்கு" என்றார்.

போனேன். கால் தானாகவே போயிற்று. அதே பொன்னாடையைக் கணக்கர் எனக்குப் போர்த்தினார். சரோஜா அம்மாவின் பவுடர் வாசனை இன்னும் அதில் இருந்தது. ஆண்கள் எல்லாரும், பிரச்சினை தீர்ந்தது என்ற நிம்மதியில், முதல்முறையாக நன்றாகவே கைதட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டே என் பெண்களைப் பார்த்தேன்.

ஒரு கைகூட மடியைவிட்டு எழவில்லை.

எனக்கு எப்படி இருந்தது என்று எழுதித் தீராது. அவமானம், அழுகை, எல்லாவற்றுக்கும் மேலே ஆத்திரம். முட்டி பெயர்ந்தவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் நான். வீடு வீடாகப் போய் அப்பா அம்மாவிடம் கெஞ்சி இவர்களை ஆட அனுப்ப வைத்தவள் நான். அந்தக் கைகளைத் தட்டப் பழக்கியவளும் நான்.

"என்னம்மா இது? டீச்சர் கூடவா வேணாம்?" என்றார் மில் ஐயா. அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

கமலா எழுந்தாள். பாவாடை ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர் நல்லவங்கதாங்க. ஆனா நீங்க சொன்னவங்களுக்கு நாங்க கைதட்டறோம், அவ்ளோதானுங்களே நடக்குது. எங்க ஆளை நாங்க சொல்லவே இல்லையே ஐயா" என்றாள். சொல்லி முடித்துப் பொத்தென்று உட்கார்ந்தாள்.

யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. மில் ஐயா தணிகாசலம் சாரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.  இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இரண்டு கட்டை விரல்களையும் மேலே நிமிர்த்திக் காட்டினார்.

வாலிபால் ஆடியவர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் தப்பு நடந்துவிட்டால் நடுவர் காட்டுகிற சைகை அது. யாருக்கும் புள்ளி இல்லை, பந்தை மறுபடி போடு என்று பொருள். பின்வரிசையில் சாய்ந்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மில் ஐயா மைக்கை ஒரு தரம் தொட்டார், பிறகு விட்டுவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தச் சைகைக்குப் பிறகு வாதாடுவது ஆட்டக்காரனுக்குக் கைவராது.

"பெண்கள் பிரதிநிதியைப் பெண்கள் அணிங்கதான் சொல்லணும்" என்றார் சார், அதே மெல்லிய குரலில். கூடமே குனிந்து கேட்டது. "ஒவ்வொரு அணியிலேருந்தும் கேப்டன் மட்டும் அந்த ரூமுக்குப் போங்க. கதவைச் சாத்திக்கங்க. சங்கத்துல ஆடற பொம்பளை யாரு பேரை வேணாலும் சொல்லலாம். அவசரம் இல்லை."

வலையும் பந்தும் போட்டு வைக்கிற அறை அது. கேப்டன்கள் உள்ளே போனார்கள். சார் வலை அளக்கும்போது நிற்பது போலவே கதவுக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்தபடி நின்றார். மில் கணக்கர் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் செம்போடு வந்தார். "அப்புறம் குடிப்பாங்க" என்று திருப்பி அனுப்பினார். எனக்கும் ஓர் அடி எடுத்து வைக்கத் தோன்றியது. உள்ளே போய் ஒரு வார்த்தை பேசினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

"நீங்களும் இங்கயே இருங்கம்மா" என்றார் சார்.

அவர்கள் வெளியே வந்து சொன்ன பேர் வசந்தா. அவள் கூட்டத்துக்கே வரவில்லை. கடைக்கு ஆள் அனுப்பினார்கள். கழுத்தில் டேப்போடு மூச்சிரைக்க வந்து நின்றாள். "நானா? ஏண்டி, கடையில தைக்காத துணி மலையா கெடக்குது!" என்றாள். கணக்கர் பழக்கதோஷத்தில் என் தோளிலிருந்த பொன்னாடையைப் பார்த்தார். சார் வேண்டாம் என்று தலையசைத்தார். "ஒத்துக்கறீங்களா?" என்று மட்டும் வசந்தாவிடம் கேட்டார். அவள் பெண்களைப் பார்த்தாள். "சரிங்க சார்" என்றாள். பிறகுதான் கைதட்டல் கிளம்பியது. அப்படி ஒரு சத்தத்தை அந்தக் கூடம் கேட்டதில்லை. தாளம் மட்டும் இல்லவே இல்லை, ஆளுக்கொரு வேகத்தில் தட்டினார்கள்.

நான் பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தேன். தெற்கு கோபுரத்துக்கு முன்னால் கமலா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"கோவமா டீச்சர்?"

"ஆமா."

"வசந்தாக்காவை நாங்க திட்டலாம் டீச்சர். ஒழுங்கா பேசலைன்னா அடுத்த வருஷம் வேற ஆளைப் போடலாம். உங்களைத் திட்ட முடியுமா? மாத்த முடியுமா?"

 பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவளை விரட்டினேன். நாலடி போய்த் திரும்பி, "நாளைக்கு பிராக்டீஸ் இருக்குதா டீச்சர்?" என்றாள்.

"இருக்குது. நீ ரெண்டு ரவுண்டு ஜாஸ்தி ஓடற."

சிரித்துக்கொண்டே ஓடினாள். 

அந்த வருஷம் மண்டலப் போட்டி கடலூரில். பயிற்சியாளர் என்ற முறையில் கமிட்டிக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு அங்கே ஓட்டு இல்லை, கேட்டால் பேசலாம். எதிர்பார்த்தபடியே பாதுகாப்புப் பேச்சு வந்தது.

வசந்தா எழுந்தாள். "எங்க தங்கறாங்க, யாரு கூடப் போறாங்க, அதைக் கேளுங்க, சொல்றேன். போகலாமா வேணாமான்னு அவங்களைக் கேக்காம முடிவு பண்ணாதீங்க. நான் எல்லா அணியையும் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். பொண்ணுங்க போறாங்க. நானும் கூடப் போறேன்."

"நான் நல்லதுக்குத்தானேம்மா சொல்றேன்?" என்றார் மில் ஐயா.

"தெரியுங்க ஐயா. அதை எங்களையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க."

அவர் சாரின் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு, "சரி, போகட்டும்" என்றார். எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்கக்கூட வசந்தா என்னை விடவில்லை. "அடுத்தது டீச்சர் விஷயம்" என்று என் பக்கம் திரும்பினாள்.

"அணிக்கு ஆள் எடுக்கற ஆட்டத்தை விடியக்காலையில வெச்சிருக்கீங்க. கிராமத்துப் பொண்ணுங்களுக்கு முதல் பஸ்ஸே அப்புறம்தான் வருது. கமலா சொந்தக்காரங்க வீட்டுல படுத்துட்டு வருவா. அப்படி வீடு இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க? யாரைக் கேட்டு அந்த நேரம் வெச்சீங்க?"

எனக்கு வந்ததே கோபம்! வெயிலைப் பற்றிச் சொன்னேன், பள்ளி மணியைப் பற்றிச் சொன்னேன், எத்தனை வருஷமாக இப்படி நடக்கிறது என்று சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாயங்காலம் மலை நெழல் வந்ததும் வெச்சா என்ன?" என்றாள். எழுதிக்கொண்டிருந்த தணிகாசலம் சாரின் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஓடியது. அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். நேரம் மாலைக்கு மாறியது. மைதானத்தின் பக்கமே எட்டிப் பார்த்திராத இரண்டு கிராமத்துப் பெண்கள் அந்த வருஷம் அணிக்குள் வந்தார்கள். நான் பிரதிநிதி ஆகியிருந்தால் அந்தக் கேள்வியை எந்தப் பெண்ணும் என்னிடம் கேட்டிருக்க மாட்டாள். நான் டீச்சர், மதிப்பெண் போடுகிறவள், சான்றிதழில் நடத்தை நன்று என்று எழுதுகிறவள். கமலா கோபுர வாசலில் சொன்னது எனக்கு அன்றுதான் முழுதாக உறைத்தது.

கடலூரில் எங்கள் பெண்களில் பலர் முதல்முறையாகக் கடலைப் பார்த்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் நன்றாகத் தோற்றோம். கமலா தூக்கிக் கொடுத்த பந்துகளை மட்டும் அந்த ஊர்க்காரர்களும் பேசிக்கொண்டார்கள். தை மாசம் கல்யாணம் நடக்கவில்லை. அவள் அப்பா ஒரு மூட்டைப் பச்சைக் கடலையோடு பள்ளிக்கு வந்து, "பொண்ணு மெட்ராசுக்குப் படிக்கப் போவுது டீச்சர்" என்றார். இப்போது அவளும் என்னைப் போல ஓய்வு பெற்ற டிரில் டீச்சர்.

நான் எண்பதுகளின் கடைசிவரை அந்தச் சங்கத்தோடு இருந்தேன். பெண்கள் பிரதிநிதியாக ஒரு நாளும் இருந்ததில்லை. வசந்தாவுக்குப் பிறகு வந்தவர்களும் என்னை ஏதாவது ஒன்றுக்கு நிற்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள்.

இதையெல்லாம் எழுதிச் சுமதிக்கு அனுப்பியிருந்தேன். நேற்று போன் செய்தாள்.

"டீச்சர், கமிட்டில சொல்லிட்டேன். பொண்ணுங்களே உள்ள உக்காந்து பேசட்டும்னு நான் வெளிய நின்னேன்."

"என்ன ஆச்சு?"

"வேற ஒரு பொண்ணு பேரைச் சொல்லிட்டாங்க டீச்சர்."

குரல் உள்ளே போயிருந்தது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும்.

"வலிக்குதா?"

"வலிக்குது டீச்சர்."

"வலிக்கும்டி. கைதட்டினியா?"

 "கடைசியா தட்டினேன்" என்றாள்.

"அது போதும். சாப்புட்டுட்டுத் தூங்கு. நாளைக்கு அந்தப் பொண்ணு உன்னை எதுனா கேள்வி கேக்கும், பதிலை யோசிச்சு வெச்சுக்க."